மழைக்காலம் வருது... பிக்கப் வண்டிக்கு 'டேங்க் கார்டு' தேவையா? எப்படி மாட்டணும், எதை செய்யவே கூடாது? முழு விளக்கம்

அதிகாலை 3 மணி. செம்பாக்கத்தில் இருந்து கோயம்பேட்டுக்கு காய்கறி எடுக்கப் புறப்படுகிறது ஒரு பிக்கப் வண்டி. முந்தைய நாள் பெய்த மழைத் தண்ணீர் ரோட்டில் அப்படியே நிற்கிறது. குழாய் போடத் தோண்டி, மண்ணைப் போட்டு மூடிய இடம் எது, நல்ல ரோடு எது என்று தெரியவில்லை. திடீரென்று வண்டிக்கு அடியில் 'டம்' என்று ஒரு சத்தம். வண்டி ஓடுகிறது என்பதால் டிரைவரும் நிற்காமல் போய்விடுகிறார். அடுத்த ஒரு மணி நேரத்தில் டீசல் வாடை. இறங்கிப் பார்த்தால் டேங்க் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது.

தென்சென்னை புறநகரில் லோடு வண்டி ஓட்டும் பலருக்கும் இது புரியும். டேங்க் ஓட்டையானால் டீசல் மட்டும் போகாது. அன்றைய லோடு போகும், வாடகை போகும், டேங்க் மாற்றும் வரை வண்டி நிற்கும். ஆனால் மாதத் தவணை நிற்காது. எல்லாவற்றுக்கும் மேல், தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

இதைத் தடுக்க டேங்க்குக்கு அடியில் மாட்டும் பாதுகாப்புத் தகடுதான் 'ஸ்கிட் பிளேட்'. நம்ம ஊர் பட்டறைகளில் 'டேங்க் கார்டு', 'அடி கார்டு' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். இது எல்லா வண்டிக்கும் தேவையா? எந்தத் தகடு நல்லது? சட்டம் என்ன சொல்கிறது? எப்படி மாட்ட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• டேங்க் கார்டின் வேலை, அடியை வாங்கி அதை சேசிஸுக்கு அனுப்புவது. டேங்க் மீதோ, டேங்க் பட்டை மீதோ அதை மாட்டினால் பலன் இல்லை.
• டேங்க் பக்கத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்க் இன்னும் ஆபத்து.
• தகட்டில் தண்ணீர், சேறு வடிய ஓட்டை கட்டாயம்.
• சைலன்சர் சூடு அடைபடக் கூடாது.
• சி.என்.ஜி. வண்டிகளில் சிலிண்டர் பக்கம் கை வைக்கவே வேண்டாம்.

செம்பாக்கம் பக்கம் ஏன் இந்தப் பிரச்சினை?

செம்பாக்கம் 2021-ம் ஆண்டு உருவான தாம்பரம் மாநகராட்சியில் இணைந்த பகுதி. தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், பம்மல், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட 5 பேரூராட்சிகளும் சேர்ந்துதான் இந்த மாநகராட்சி உருவானது.

இது ஏரிகள் நிறைந்த பகுதி. செம்பாக்கம் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர் என்று சுற்றிலும் ஏரிகள். செம்பாக்கம் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் அடுத்தடுத்த ஏரிகள் வழியாக பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிறது. அதனால் வடகிழக்கு பருவமழை வலுத்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்பது சகஜம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவானது. 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையிலும் தாம்பரம் சுற்றுவட்டாரப் பகுதிகள் தண்ணீரில் மிதந்தன.

தண்ணீர் நின்றால் பள்ளம் தெரியாது. மூடி இல்லாத கால்வாய் ஓரமும் தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகு ரோட்டில் கிடக்கும் உடைந்த சிலாப், கருங்கல், கம்பித் துண்டும் வண்டிக்கு வில்லன்தான்.

இன்னொரு பிரச்சினை வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிமுறைப்படி வட்டமான வேகத்தடை 10 செ.மீ. உயரமும், 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அதாவது உயரம் குறைவு, ஏற்ற இறக்கம் நீளம். ஆனால் தெருக்களில் இஷ்டத்துக்குப் போட்ட வேகத்தடை பல, குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். முன்சக்கரம் ஏறி இறங்கிய பிறகு, பின்சக்கரம் ஏறுவதற்கு முன்னால், நடுப்பகுதி தரையில் உரசும். பெரும்பாலான பிக்கப்களில் டேங்க் இருப்பது சரியாக அந்த நடுப்பகுதியில்தான்.

டேங்க் எங்கே இருக்கு? அடிபட்டால் என்ன ஆகும்?

டாடா ஏஸ், அதாவது நம்ம 'குட்டி யானை', அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, சேசிஸ் சட்டத்தை ஒட்டி, பட்டை போட்டோ பிராக்கெட்டிலோ டேங்க் தொங்கும். இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பெரிய பிக்கப்களிலும் டேங்க் சேசிஸுக்குப் பக்கத்தில்தான். ஹைலக்ஸில் 80 லிட்டர் டேங்க்.

45 லிட்டர் டீசல் நிரப்பினால் அதன் எடை மட்டும் ஏறக்குறைய 37 கிலோ. இவ்வளவு எடை தொங்கும்போது அடியில் இருந்து ஒரு கல் இடித்தால், ஓட்டை விழாவிட்டாலும் பட்டையும் பிராக்கெட்டும் சேர்ந்து அடி வாங்குகின்றன.

டேங்க் இரண்டு வகை.

இரும்பு டேங்க்: அடிபட்டால் முதலில் நசுங்கும். நசுங்கிய இடத்தில் பெயின்ட் போய், துரு பிடித்து, சில மாதம் கழித்து ஊசி முனை அளவு ஓட்டை விழும். டேங்க் அடி மேலே எழும்பி, டீசல் உறிஞ்சும் குழாயின் வாயை நெருங்கினால், மேடு ஏறும்போது வண்டி திணறும், ஆஃப் ஆகும். பெட்ரோல் பங்கில் 'ஃபுல்' போட்டும் பழைய அளவு பிடிக்கவில்லை, டீசல் முள் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் டேங்க் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாஸ்டிக் டேங்க்: இது நசுங்கினாலும் ஓரளவு பழைய வடிவத்துக்குத் திரும்பும், துரு பிடிக்காது. ஆனால் கூரான கல், கம்பி குத்தினால் கிழியும். பட்டை இறுகும் இடத்திலும், குழாய் சேரும் இடத்திலும் விரிசல் விடும். பிளாஸ்டிக் டேங்க்கை 'ஒட்டி' ஓட்டுவது பாதுகாப்பு இல்லை. மாற்றுவதுதான் சரி.

யாருக்குத் தேவை? யாருக்குத் தேவையில்லை?

எல்லா வண்டிக்கும் டேங்க் கார்டு வேண்டும் என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு. நல்ல ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது வெறும் கூடுதல் எடை.

தேவைப்படும் வண்டிகள்:

• கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு மணல், ஜல்லி, செங்கல், டைல்ஸ் ஏற்றும் வண்டி.
• தினமும் மண் ரோடு, ஏரிக்கரை ரோடு, தோண்டிப் போட்ட தெருக்களில் போகும் வண்டி.
• ஏற்கெனவே டேங்க் அடியில் கீறலோ, நசுங்கலோ உள்ள வண்டி.
• காட்டுப் பாதை, மலைப் பாதையில் போகும் 4 வீல் டிரைவ் பிக்கப்.

யோசிக்க வேண்டிய வண்டிகள்:

• ஏற்கெனவே மிகவும் தாழ்வாக உள்ள சிறிய லோடு வண்டி. டேங்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே 15 மி.மீ. இடைவெளி, தகடு 3 மி.மீ., போல்ட் தலை என்று சேர்த்தால் தரை இடைவெளியில் 2 முதல் 3 செ.மீ. வரை குறையும். இதுவரை உரசாத வேகத்தடையில் இனி உரசலாம்.
• கம்பெனியிலேயே டேங்க் காவல் தகடு போட்டு வந்த வண்டி. முதலில் கையேட்டைப் பாருங்கள்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. வழக்கமான லோடை ஏற்றிக்கொண்டு சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். டேங்க் அடிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளங்கள். காலி வண்டியில் அளக்காதீர்கள். லோடு ஏறினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கும். அந்த உயரத்தில் இருந்து 3 செ.மீ. கழித்தால் வருவதுதான் கார்டு போட்ட பிறகு கிடைக்கும் இடைவெளி. அந்த உயரத்தில் தினசரி வேகத்தடையைத் தாண்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், முதலில் அமுங்கிப்போன ஸ்பிரிங்கை சரி செய்ய வேண்டும், அளவுக்கு மேல் லோடு ஏற்றுவதை நிறுத்த வேண்டும். கார்டு அதற்கு மருந்து இல்லை.

எந்தத் தகடு நல்லது?

நீளம் 80 செ.மீ., அகலம் 50 செ.மீ. தகடு என்று வைத்துக்கொள்வோம். எடை இப்படி வரும்:

• இரும்பு (எம்.எஸ். ஷீட்) 2 மி.மீ.: சுமார் 6.3 கிலோ
• இரும்பு 3 மி.மீ.: சுமார் 9.4 கிலோ
• அலுமினியம் 5 மி.மீ.: சுமார் 5.4 கிலோ

இரும்பு: எந்தப் பட்டறையிலும் வெட்டலாம், வளைக்கலாம். அடிபட்டால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். விலை குறைவு. துருதான் எதிரி. நகர லோடு வண்டிக்கு 3 மி.மீ. போதும். 2 மி.மீ. தகடு என்றால் நீளவாக்கில் மடிப்போ, அடியில் ஒரு ஆங்கிள் தாங்கலோ கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் இடித்ததும் தகடு மேலே வளைந்து டேங்க்கையே குத்தும்.

அலுமினியம்: எடை குறைவு, துரு பிடிக்காது. விலை அதிகம். எல்லா பட்டறையிலும் வளைக்க முடியாது, சில ரகம் வளைத்தால் விரிசல் விடும். இரும்புச் சேசிஸில் நேரடியாக மாட்டினால் ஈரத்தில் இரண்டு உலோகமும் சேரும் இடம் அரிக்கும். நடுவே ரப்பர் அல்லது நைலான் வாஷர் போட வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: துரு பிடிக்காது. ஆனால் எடையில் இரும்புக்குச் சமம், விலை அதிகம். லோடு வண்டிக்கு அவசியம் இல்லை.

விலையை எப்படிக் கணக்குப் போடுவது? இரும்புத் தகடு கிலோ கணக்கில் விற்கிறது. மேலே சொன்ன எடையை அன்றைய கிலோ விலையால் பெருக்குங்கள். அதோடு வெட்டுக்கூலி, வளைப்புக்கூலி, பெயின்ட், போல்ட், மாட்டுக்கூலி. இந்த ஐந்தையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் ஏமாற வாய்ப்பு குறைவு. 'மொத்தமா இவ்வளவு' என்று சொன்னால் தகடு எத்தனை மி.மீ. என்று கேளுங்கள்.

எங்கே கிடைக்கும்? கார் ரக பிக்கப்களுக்கு கம்பெனி டீலரிடம் முதலில் கேளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு வாகன ஆக்சசரீஸ் கடைகளுக்கும், புதுப்பேட்டை உதிரி பாகங்களுக்கும் பேர் போன இடங்கள். லோடு வண்டிக்கு ரெடிமேட் கார்டு கிடைக்காவிட்டால் அட்டையில் அளவு வெட்டி, அதைக் கொடுத்து செய்யச் சொல்லலாம். லேசர் கட்டிங், வளைப்பு வேலைக்கு கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இதை ரொம்பப் பேர் கண்டுகொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களும் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

வண்டி முன்னால் மாட்டும் 'புல் பார்' கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பியது நினைவிருக்கலாம். நடந்து போவோருக்கும், வண்டிக்குள் இருப்போருக்கும் ஆபத்து என்பதுதான் காரணம்.

அடியில் மாட்டும் டேங்க் கார்டு அந்த மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இல்லை. வண்டியின் நீளம், அகலம், எரிபொருள், இருக்கை எதையும் அது மாற்றுவதில்லை. ஆனாலும் சேசிஸை வெட்டுவது, ஓட்டை போடுவது, டேங்க்கை இடம் மாற்றுவது, பெரிய டேங்க் போடுவது எல்லாம் வேறு கதை. அதைச் செய்தால் பிரச்சினைதான். எனவே பாதுகாப்பான வழி இதுதான்:

• கம்பெனி ஆக்சசரீஸ் இருந்தால் அதையே போடுங்கள், பில் வைத்திருங்கள்.
• வெளியில் செய்தால் கழற்றக்கூடிய போல்ட் முறையில் மட்டும் செய்யுங்கள்.
• மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வணிக வண்டிகளுக்கு 8 வருடம் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அங்கே போய் கழற்றச் சொன்னால் அன்றைய பிழைப்பு போச்சு.
• வாரண்டி உள்ள வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிலும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து வையுங்கள்.

மாட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

டேங்க் காலடியில் நிற்கும் வேலை என்பதால் அவசரம் கூடாது.

• டேங்க்கில் கால் பங்கு டீசல் மட்டும் இருக்கட்டும். எடை குறையும், வேலை சுலபம்.
• இன்ஜினும் சைலன்சரும் முழுக்க ஆறட்டும்.
• பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.
• வண்டியை சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் அல்லது பட்டறை குழி, ரேம்ப் வேண்டும்.
• பக்கத்தில் பீடி, சிகரெட், கிரைண்டர், வெல்டிங் எதுவும் கூடாது. பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
• டேங்க்கைச் சுத்தமாகக் கழுவி, ஏற்கெனவே ஒழுகல், விரிசல், துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகும் டேங்க்குக்கு மேல் கார்டு போட்டால் ஒழுகலை மறைத்தது போலத்தான் ஆகும்.

மாட்டும் முறை: படிப்படியாக

1. அட்டை அளவு எடுங்கள். கெட்டி அட்டையை டேங்க் அடியில் பிடித்து வெளிவடிவம் வரையுங்கள். டேங்க்கை விட ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக வரட்டும். டிரெய்ன் போல்ட், டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர் எங்கே போகிறது என்று அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2. சேசிஸில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளைத் தேடுங்கள். கம்பெனியே பல ஓட்டைகளை விட்டிருக்கும். அதில் காலியாக உள்ளவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். சேசிஸ் சட்டத்தின் மேல் மடிப்பிலும், கீழ் மடிப்பிலும் புதிதாக ஓட்டை போடவே கூடாது. சுமை தாங்கும் இடமே அதுதான். லோடு ஏறி இறங்க அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். ஓட்டை கிடைக்காவிட்டால் சேசிஸைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப்புக்குள் பிரேக் குழாயோ ஒயரோ சிக்கவில்லை என்று பாருங்கள்.

3. முன் விளிம்பை மேல் நோக்கி வளையுங்கள். 30 முதல் 45 டிகிரி சாய்வு போதும். கல்லோ வேகத்தடையோ வந்தால் தகடு அதில் வழுக்கி மேலே ஏறும். நேராக வெட்டிய விளிம்பு என்றால் மண்வெட்டி மாதிரி தரையில் குத்தி, போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். 'ஸ்கிட்' என்றாலே வழுக்குவது என்றுதான் அர்த்தம்.

4. ஓட்டைகள் போடுங்கள். தண்ணீர் வடிய 12 முதல் 15 மி.மீ. ஓட்டை, தாழ்வான இடங்களில் குறைந்தது 4 முதல் 6 இடத்தில். டிரெய்ன் போல்ட்டுக்கு நேராக ஒரு பெரிய ஓட்டை. எல்லா ஓட்டையின் விளிம்பையும் அரம் வைத்துத் தேயுங்கள். இந்த வெட்டு, வெல்டிங், கிரைண்டிங் வேலை எல்லாம் வண்டியில் இருந்து தள்ளி, தனி இடத்தில்தான் நடக்க வேண்டும்.

5. பெயின்ட் அடியுங்கள். துரு நீக்கி, பிரைமர், அதன் மேல் எபாக்ஸி பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங். டேங்க் பார்க்கும் உள்பக்கமும் அடிக்க வேண்டும். ஈரம் தங்குவது அங்கேதான்.

6. இடைவெளி விட்டு மாட்டுங்கள். டேங்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே 10 முதல் 20 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். தகடு எங்கும் டேங்க்கைத் தொடக் கூடாது. போல்ட் இடங்களில் ரப்பர் புஷ் வைத்தால் அதிர்வும் சத்தமும் குறையும்.

7. 8.8 கிரேடு போல்ட், பெரிய வாஷர், நைலாக் நட். எம்8 போல்ட்டை ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர், எம்10 போல்ட்டை 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ஸ்பேனரில் முறுக்கலாம். ரப்பர் புஷ் உள்ள இடத்தில் நடுவே இரும்புக் குழல் போட்டு முறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் நசுங்கி, போல்ட் தளரும். ஒரு முறை கழற்றிய நைலாக் நட்டை மறுபடி போடாதீர்கள். தரையைப் பார்க்கும் போல்ட் தலை தகட்டோடு பதிந்திருந்தால் கல்லில் மாட்டாது.

8. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மாட்டி, தகட்டை நடுவில் நிறுத்தி, பிறகு எதிரெதிர் மூலையாக முறுக்குங்கள். கடைசியில் டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர் எதுவும் தகட்டில் உரசவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரியை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, 5 நிமிடம் ஓடவிட்டு ஒழுகல் பாருங்கள்.

எதைச் செய்யவே கூடாது?

டேங்க்கில் வெல்டிங்: "டீசல் எல்லாத்தையும் எடுத்துட்டேன், டேங்க் காலி, ஒரு பொட்டு வைங்கண்ணே" என்று பட்டறையில் கேட்பவர்கள் உண்டு. இதுதான் மிகப் பெரிய ஆபத்து. எரிவது திரவம் இல்லை, அதில் இருந்து எழும் ஆவி. நிறைந்த டேங்க்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்க்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு தீப்பொறி போதும், டேங்க் வெடிக்கும். டீசல் சீக்கிரம் பற்றாது என்பதும் முழு உண்மை இல்லை. இந்திய தர நிர்ணயப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ். சென்னை வெயிலில் நிற்கும் வண்டி டேங்க் சுலபமாக அந்தச் சூட்டைத் தொடும். பெட்ரோல் பற்றிச் சொல்லவே வேண்டாம், பூஜ்யத்துக்கும் கீழேயே அதன் ஆவி பற்றும்.

டேங்க் பட்டையில் தகடு மாட்டுவது: வேலை சுலபம், கூலி குறைவு. ஆனால் தகட்டில் விழும் அடி அப்படியே பட்டைக்குப் போய், பட்டை அறுந்தால் டேங்க்கே ரோட்டில் விழும்.

சைலன்சரையும் சேர்த்து மூடுவது: பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைத்தூசி வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது, உள்ளே சூடு 600 டிகிரி வரை போகும். அந்தப் பக்கம் காற்று போக வழி இருக்க வேண்டும். கம்பெனி போட்ட வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு கார்டு மாட்டாதீர்கள்.

சி.என்.ஜி. சிலிண்டர்: அதற்குத் தனி விதிகள் உண்டு. 3 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற மையம் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

மாட்டிய பிறகு பராமரிப்பு

'மாட்டியாச்சு, மறந்துடலாம்' என்பதுதான் பலர் செய்யும் தப்பு. முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை போதும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அடியில் தண்ணீர் அடித்து, தகட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே சிக்கிய சேறு, பிளாஸ்டிக் பை, காய்ந்த புல்லை எடுங்கள். சேறு ஈரத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தால், டேங்க்கைக் காப்பாற்றப் போட்ட தகடே அதைத் துரு பிடிக்க வைத்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்த கையோடு, தகட்டைக் கழற்றி டேங்க் அடியைப் பாருங்கள்.

அடியில் பலத்த அடி விழுந்தால் கார்டு இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டிப் பார்ப்பது நல்லது. தகடு வளைந்து டேங்க்கைத் தொட்டால், அன்றே கழற்றி நிமிர்த்த வேண்டும்.

வழியில் டேங்க் ஒழுகினால்?

• வண்டியை மக்கள் கூட்டம், கடை, அடுப்பு இல்லாத திறந்த இடத்தில் ஓரம் கட்டுங்கள். இன்ஜினை ஆஃப் செய்யுங்கள்.
• எல்லோரையும் இறக்கி தள்ளி நிற்க வையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.
• எரிச்சல் விளக்கு, முக்கோண பலகை வையுங்கள்.
• டீசல் ரோட்டில் ஓடினால் பின்னால் வரும் டூவீலர் வழுக்கி விழும். மண், மணல் இருந்தால் மேலே போடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டீசல் பரவத்தான் செய்யும்.
• அதிகமாக ஒழுகினாலோ, புகை வந்தாலோ 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.
• சோப்பு தடவி அடைப்பது ஊசி முனை ஒழுகலைக் கொஞ்ச நேரம் குறைக்கலாம். அதை நம்பி லோடோடு ஓட்டக் கூடாது. வண்டியை இழுத்துச் செல்வதுதான் சரி.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மைலேஜ் குறையுமா?
லோடு ஏற்றும் வண்டியில் 6 முதல் 10 கிலோ கூடுவது பெரிய வித்தியாசம் இல்லை. டயர் காற்று குறைவாக இருப்பதே அதைவிட அதிகம் டீசல் குடிக்கும்.

பழைய வண்டித் தகட்டைப் போடலாமா?
அளவு பொருந்தினால் போடலாம். துரு தின்ற தகடு, ஓட்டை ஓரம் விரிசல் விட்ட தகடு வேண்டாம்.

தண்ணீரில் மூழ்கினால் கார்டு காப்பாற்றுமா?
காப்பாற்றாது. கார்டு கல்லுக்கும் மேட்டுக்கும்தான். டேங்க் மூடி வழியாகவோ காற்றுக் குழாய் வழியாகவோ உள்ளே போகும் தண்ணீரை அது தடுக்காது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ரோட்டைச் சரி செய்தால் இதெல்லாம் தேவையில்லையே?
நியாயமான கேள்வி. தெரு உள்சாலை என்றால் தாம்பரம் மாநகராட்சியிடம் புகார் கொடுங்கள். தாம்பரம் - வேளச்சேரி சாலை போன்ற நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் பள்ளம் இருந்தால், 2023-ல் தமிழக அரசு அறிமுகம் செய்த 'நம்ம சாலை' செயலியில் போட்டோ எடுத்துப் பதிவு செய்யலாம். ஒருவர் கொடுக்கும் புகார், அந்த வழியில் வரும் எல்லா வண்டிக்கும் உதவும்.

பருவமழை தீவிரமாவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டிக்கு அடியில் ஒரு முறை குனிந்து பாருங்கள். டேங்க்கில் புதுக் கீறல் இருக்கிறதா, பட்டை தளர்ந்திருக்கிறதா, டீசல் ஈரம் தெரிகிறதா? அந்த 5 நிமிடத்தில் கார்டு வேண்டுமா வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.